வைபை ஓசி... போலீஸ் வருவது யார் வீட்டுக்கு?

ஒகேனக்கல்லில் லாட்ஜுக்குப் போய் ரூம் கேட்டால் முதலில் ரிஜிஸ்டரை நீட்டுவார்கள். பெயர், ஊர், போன் நம்பர், ஆதார் நகல். அப்புறம்தான் சாவி.

அடுத்த நிமிஷம், “அண்ணே, வைபை பாஸ்வேர்டு என்ன?” என்று கேட்டால், “ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் போடு தம்பி” என்று பதில் வரும் இடங்கள் உண்டு. அதற்கு ரிஜிஸ்டரும் இல்லை, கையெழுத்தும் இல்லை!

பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் என்று நாலு ஊர் ஆட்களும் வந்து போகிற இடம் இது. வந்தவர்களில் யார் எதை அனுப்பினார் என்று யாருக்குத் தெரியும்?

கதவைத் தட்டினால் அமெரிக்கர்!

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 56 பேர் பலியானார்கள். வெடிப்பதற்கு சில நிமிஷங்கள் முன்பு பத்திரிகை, டி.வி. அலுவலகங்களுக்கு மிரட்டல் மெயில் வந்தது.

போலீசார் துப்பு துலக்கினார்கள். மெயில் புறப்பட்ட இடம் நவிமும்பையில் ஒரு பிளாட். கதவைத் தட்டினால், அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர்!

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய வைபைக்கு பூட்டு இல்லை. யாரோ அதைப் பிடித்து மெயிலை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனாலும் அவர் தப்பவில்லை. கம்ப்யூட்டர் பறிமுதல், விசாரணை, உண்மை கண்டறியும் சோதனை என்று படாதபாடு பட்டார்.

ஆகஸ்டில் அதே தந்திரம். இந்தத் தடவை மாதுங்காவில் ஒரு கல்லூரியின் வைபை. செப்டம்பரில் டெல்லியில் குண்டு வெடித்தபோது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைபை. மூன்று இடத்திலும் பில் கட்டியவர் ஒருவர். மெயில் அனுப்பியவர் வேறொருவர்.

2009-ம் ஆண்டு ஜனவரியில் மும்பை போலீசார் லேப்டாப்பும் கையுமாக தெருத்தெருவாகப் போய், பூட்டாத வைபை எங்கே என்று தேடினார்கள். பிப்ரவரியில் தொலைத்தொடர்புத்துறை உத்தரவு போட்டது. பொது இடத்தில் வைபை கொடுத்தால் போட்டோ அடையாளச் சான்று நகல் வாங்க வேண்டும். அல்லது செல்போனுக்கு எஸ்.எம்.எஸ்.சில் பாஸ்வேர்டு அனுப்ப வேண்டும். அந்த விவரம் ஒரு வருஷம் இருக்க வேண்டும்.

பத்து போன், ஒரே விலாசம்

கடைக்குள் வருவது ஒரே ஒரு இணைப்பு. அதை பத்து போனுக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். வெளியே இருந்து பார்த்தால் பத்துக்கும் ஒரே விலாசம்தான். கம்பெனியின் கணக்கில் அந்த விலாசத்துக்கு நேரே இருப்பது முதலாளியின் பெயர். பிறகு போலீஸ் வேறு யாரைத் தேடி வரும்?

ரவுட்டருக்கு இரண்டு பூட்டு. வைபை பாஸ்வேர்டு ஒன்று. அதுதான் எல்லாருக்கும் தெரியும். ரவுட்டரின் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டு இன்னொன்று. அதை வாங்கிய நாளிலிருந்து “அட்மின்” என்றே விட்டுவைக்கிறவர்கள் அநேகம். 2016-ல் “மிராய்” என்ற வைரஸ், கம்பெனி போட்ட பாஸ்வேர்டுகள் 60-க்கு மேல் வைத்துக்கொண்டு உலகம் பூராவும் ரவுட்டர்களையும் கேமராக்களையும் திறந்து பார்த்தது. திறந்தவற்றை ஏவிவிட்டு, அக்டோபர் 21-ந் தேதி டுவிட்டர் உள்பட பெரிய தளங்களை பல மணி நேரம் முடக்கிவிட்டார்கள்!

செட்டிங்கில் “டபிள்யூ.பி.ஏ.2” அல்லது “3” இருக்க வேண்டும். பழைய “வெப்” முறை இருந்தால் சில நிமிஷங்களில் உடைத்துவிடலாம். ஆடிப்பெருக்குக் கூட்டம் ஊர் திரும்பியதும் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது நல்லது.

பெயர் தப்புமா?

இப்போது பல ரவுட்டரில் “கெஸ்ட் நெட்ஒர்க்” இருக்கிறது. கல்லா கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரு பக்கம், வந்தவர்களின் போன் மறுபக்கம். ஆனால் இது கல்லாவைத்தான் காப்பாற்றும். வெளியே போகும் விலாசம் அதேதான். முதலாளி பெயர் தப்பாது.

அதற்கு வழி, 2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை அனுமதித்த “பி.எம்.வாணி” திட்டம். இதில் வைபை கேட்பவர் செல்போன் செயலியில் தன்னைப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் இணைப்பு கிடைக்கும். டீக்கடைக்காரர்கூட இதை நடத்தலாம். லைசென்சு தேவையில்லை, பதிவுக் கட்டணமும் கிடையாது. வைபையை காசுக்கு விற்கவும் செய்யலாம்.