இசை நாடியைத் தொடும் வழி

மனித இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. இதயத்தின் வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே, சைனஸ் கணு என்று மருத்துவ நூல்கள் பெயரிடும் சிறு தசைத்திரள் ஒன்று அமைந்திருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்னும் ஆய்வாளர் இருவர் 1907-இல் இதனை விவரித்து எழுதினர். மின் அலையை எழுப்பி இதயத்தைச் சுருங்கச் செய்வது இக்கணுவே. நரம்புத் தொடர்பு முற்றிலும் அறுபட்ட நிலையில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் நாடி ஓய்விலும் விரைந்தே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் நலமாக, அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் நாடியைத் தொட்டு எண்ணினால் அது பெரும்பாலும் 70-ஐ ஒட்டியே இருக்கிறது. எனவே இதயத்தை இயல்பான வேகத்துக்குக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம் ஒன்று எந்நேரமும் வேலை செய்கிறது என்றாகிறது. இசை இதயத்தை எவ்வாறு பாதிக்கிறது என்ற கேள்வியின் பெரும்பகுதி, இசை இந்தக் கடிவாளத்தை எவ்வாறு இறுக்குகிறது, எவ்வாறு தளர்த்துகிறது என்ற கேள்வியே.

அந்தக் கடிவாளத்தின் பெயர் வேகஸ் நரம்பு. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை கிளைவிடும் இந்நரம்பு, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் உள்ளுறுப்புகளை நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் ஒரு பிரிவைச் சேர்ந்தது. மற்றொரு பிரிவாகிய பரிவு நரம்புகள் அச்சத்திலும் உழைப்பிலும் கிளர்ச்சியிலும் இதயத்தை விரைவுபடுத்துகின்றன. வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குவது ஒரு வேதிப்பொருளின் வாயிலாகவே என்பதை ஓட்டோ லோவி என்னும் அறிவியலாளர் 1921-இல் தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். ஓர் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அவ்விதயம் நனைந்திருந்த நீர்மத்தை எடுத்து வேறோர் இதயத்தில் விட்டபோது, நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாம் இதயமும் தன் துடிப்பைக் குறைத்துக்கொண்டது. அசெட்டைல்கோலின் என்று பின்னர் அறியப்பட்ட அப்பொருள் ஒரே துடிப்புக்குள் செயல்படத் தொடங்கும் விரைவுடையது. பரிவு நரம்புகளின் விளைவு முழுமையாக வெளிப்படச் சில நொடிகள் ஆகின்றன. ஒரு பாட்டின் போக்கில் நொடிக்கு நொடி நாடி ஏறி இறங்குவதைப் புரிந்துகொள்ள இந்த வேற்றுமையை நினைவில் வைப்பது நல்லது.

காதுக்கும் இதயத்துக்கும் நேரடி நரம்பு இல்லை. உட்செவியின் நத்தையெலும்பில் நரம்புத் துடிப்பாக மாறும் ஒலி, பெருமூளைப் புறணியை எட்டி 'இது பாட்டு' என்று அறியப்படுவதற்கு முன்பே மூளைத்தண்டைக் கடக்கிறது. மூச்சையும் குருதியழுத்தத்தையும் இதயத்தையும் நெறிப்படுத்தும் நரம்புக் கூட்டங்கள் இருப்பதும் அங்கேயே. திடீரென முழங்கும் பறையோ தாளமோ, கேட்பவர் அதனைச் சுவைக்கத் தொடங்குமுன்பே உடலைத் திடுக்கிட வைப்பது இந்த அண்மையால்தான். புறணியையும், உணர்ச்சியை மதிப்பிடும் உள்மூளைப் பகுதிகளையும் சுற்றிவரும் இரண்டாவது பாதை சற்றே மெதுவானது. நினைவும் பழக்கமும் விருப்பமும் அந்தப் பாதையிலேயே வந்து கலக்கின்றன.

நாடிக்கும் இசைக்கும் உறவுண்டு என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோஃபிலஸ் என்னும் கிரேக்க மருத்துவர் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு நாடியை அளந்ததோடு, அதன் நடைகளை இசையின் சந்தங்களோடு ஒப்பிட்டு வகைப்படுத்தினார். தமிழில் இவ்வுறவு சொல்லிலேயே பொதிந்திருக்கிறது. இலக்கணத்தில் எழுத்தொலியின் கால அளவைக் குறிக்கும் மாத்திரை, அதாவது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் பொழுது, இசையிலும் கால அளவாக வழங்குகிறது. சித்த மருத்துவமோ வாத, பித்த, கப நாடிகளை முறையே ஒன்று, அரை, கால் என்று அதே மாத்திரையால் அளக்கிறது. ஒரு நாகரிகம் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவுகோலாகக் கொண்டு பாட்டையும் நாடியையும் ஒரே சொல்லால் அளந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இசை நாடகங்களால் புகழ்பெற்ற ஆந்திரே கிரேத்ரி, தம் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மனத்துக்குள் பாடிப் பார்த்து, பாட்டின் வேகத்துக்கேற்ப நாடி மாறுவதைக் குறித்துவைத்தார். முறையான ஆய்வு 1880-இல் தொடங்கியது எனலாம். ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோகியேல், இசை மனிதரிலும் விலங்குகளிலும் குருதியோட்டத்தை மாற்றுகிறது என்பதைக் கருவிகளால் பதிவு செய்து வெளியிட்டார்.

இத்துறையில் மிகவும் பேசப்படும் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்தி, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ஸ்லைட் உள்ளிட்டோர், இசை பயின்ற 12 பேரையும் பயிலாத 12 பேரையும் அமைதியாக இருக்கச் செய்து, காதொலிப்பான் வழியாக ஆறு வகை இசையைக் கேட்கவைத்தனர். விரைவான மேற்கத்தியச் செவ்வியல் இசை, மெதுவான செவ்வியல் இசை, ராப், டெக்னோ, இந்திய ராக இசை, பன்னிரு சுர முறையில் அமைந்த நவீன இசை என அவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. இசையின் இடையே, கேட்பவர் எதிர்பாராத இடத்தில், இரண்டு நிமிட மௌனமும் செருகப்பட்டது. மூச்சு, நாடி, குருதியழுத்தம், மூளைக்குச் செல்லும் குருதியின் வேகம் ஆகிய அனைத்தும் தொடர்ச்சியாக அளக்கப்பட்டன.

முடிவுகள் பலரது எண்ணத்துக்கு மாறாக அமைந்தன. காலப்பிரமாணம் விரைவாக இருந்தால் எந்த வகை இசையாயினும் மூச்சும் நாடியும் குருதியழுத்தமும் ஏறின. மெதுவாக இருந்தால் அவ்வாறு ஏறவில்லை. செவ்வியல் இசை உயர்ந்தது, ராப் தாழ்ந்தது என்றெல்லாம் உடல் பிரித்துப் பார்க்கவில்லை. கேட்பவருக்கு அவ்வகை பிடித்திருந்ததா என்பதும் வேகத்தைவிடக் குறைவாகவே பொருட்படுத்தத் தக்கதாக இருந்தது. இசை பயின்றவர்களின் மூச்சு பாட்டின் வேகத்தை மற்றவர்களைவிட நெருக்கமாகப் பின்பற்றியது. எல்லாவற்றிலும் வியப்பளிப்பது இடையில் வந்த மௌனம்: அந்த இரண்டு நிமிடங்களில் நாடியும் அழுத்தமும் இசை தொடங்குவதற்கு முன்பிருந்த நிலைக்கும் கீழே இறங்கின. இசை கேளாமல் வெறுமனே ஓய்ந்திருந்தபோது கிட்டாத தளர்வு, இசை எழுந்து அடங்கியபின் கிட்டியது. இசை கவனத்தை ஓரிடத்தில் குவித்து இழுத்துப் பிடிக்கிறது, அது விலகியதும் உடல் முன்னிலும் ஆழமாகத் தளர்கிறது என்பதே ஆய்வாளர் தந்த விளக்கம். ஆகவே 'இசை மனத்தை அமைதிப்படுத்துகிறது' என்ற வழக்கமான கூற்றைச் சற்றே திருத்த வேண்டியிருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் இசை பெரும்பாலும் உடலை எழுப்புகிறது; அமைதியில் பெரும்பங்கு அதைத் தொடரும் மௌனத்துக்கு உரியது.

இங்கே ஒரு பரவலான பிழையையும் நீக்கிவிடலாம். பாட்டின் தாளத்தோடு இதயம் அடிக்கு அடி இணைந்து துடிக்கும் என்று பலர் நம்புகின்றனர், அது உண்மையன்று. நிமிடத்துக்கு 140 அடிகள் விழும் பாடலை அமர்ந்து கேட்பவரின் நாடி சில துடிப்புகள் கூடலாமேயன்றி 140-ஐ எட்டுவதில்லை. தாளத்தோடு பொருந்துபவை கையும் காலும்தான். இதயம் நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டிய முதலுதவிப் பயிற்சியில், அந்த வேகத்தில் அமைந்த பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயின் அலைவ்' பாடலை மனத்துக்குள் பாடியபடி அழுத்தச் சொல்லித் தருவது இதனால்தான். அங்கே தாளம் உதவுபவரின் கைகளை நடத்துகிறது, அக்கைகள் மற்றொருவரின் இதயத்தை நடத்துகின்றன.

இதயம் தாளத்தைப் பின்பற்றுவதில்லை என்றால், இசை எதன் வழியாக அதனை அடைகிறது? முதன்மையான விடை மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸ் நரம்பின் பிடி சற்றே தளர்ந்து நாடி விரைகிறது. வெளிவிடும்போது பிடி இறுகி நாடி குறைகிறது. 1847-இலேயே கார்ல் லூட்விக் என்னும் ஜெர்மானிய உடலியலாளர் பதிவு செய்த இவ்வியல்பு நோயன்று. இளமைக்கும் நலத்துக்கும் அடையாளம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான கால அளவு இவ்வாறு நெகிழ்ந்து மாறுவதை இதயத் துடிப்பு மாறுபாடு என்பர். அம்மாறுபாடு பெரிதாக இருப்பது வேகஸ் நரம்பு உயிர்ப்போடு இருப்பதைக் காட்டுகிறது. எனவே மூச்சை நீட்டிக்கும் எதுவும் இதயத்தைத் தொடுகிறது. பெர்னார்தி குழுவினர் 2001-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தை உருவேற்றியவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்குக் குறைந்தது. குருதியழுத்தம் இயல்பாகவே ஏறக்குறைய பத்து நொடிக்கு ஓர் அலையாக ஏறி இறங்கும் தன்மையுடையது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்பது அதே பத்து நொடிச் சுழற்சி. வெவ்வேறு சமயங்களில், வெவ்வேறு மொழிகளில் உருவான இரு வழிபாட்டு முறைகள் உடலின் ஒரே அலையில் வந்து பொருந்தியிருப்பது தற்செயல் என்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

பாடுவோரிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் தலைமையில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், சேர்ந்து பாடிய இளைஞர்களின் நாடிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. பாடலின் அடிகள் முடியுமிடத்தில்தான் எல்லோரும் மூச்செடுக்க முடியும்; மூச்சு ஒன்றானதால் நாடியும் ஒன்றாயிற்று.

கேட்பவரின் உடலும் இசையின் மேடுபள்ளங்களைத் தொடர்கிறது. 2009-இல் பெர்னார்தி குழுவினரே வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இசை படிப்படியாக ஓங்கி வளரும் இடங்களில் கேட்போரின் தோல் குருதிக்குழாய்கள் சுருங்கி, அழுத்தமும் நாடியும் உடன் ஏறின. இத்தாலிய இசைஞர் வெர்தியின் பாடல்களில் ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒன்றாக வரும் இசைத்தொடர்கள் முன்னர்க் கூறிய குருதியழுத்த அலையோடு ஒத்துப்போயின.

ஆயினும் வேகமும் ஓங்கலும் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட், ராபர்ட் சடோரே இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரும் தமக்கு மெய்சிலிர்க்கவைக்கும் இசையைத் தாமே கொண்டுவந்தனர். சிலிர்ப்பின்போது நாடியும் மூச்சும் ஏறின. மூளையில் உணவு முதலியவற்றின் இன்பத்துக்குரிய பகுதிகள் எழுச்சி பெற்றன. ஒருவரைச் சிலிர்க்கவைத்த இசையே மற்றொருவருக்கு ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்டது, அவருக்கு அது அவ்விளைவைத் தரவில்லை. ஒலி ஒன்றே, நாடி வேறு. வாழ்க்கை நினைவுகள் ஏறிய பாட்டு ஒருவரின் இதயத்தில் செய்வதை எந்தக் கருவியும் பாட்டை மட்டும் அளந்து சொல்லிவிட முடியாது.

மருத்துவமனைகளில் இவற்றின் பயன் உண்மையானது, ஆனால் அளவானது. இதயத் தமனி நோயாளிகளை இசை கேட்கச் செய்த, மொத்தம் 1,369 பேர் பங்கேற்ற 26 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2013-இல் ஒருங்கே மதிப்பிட்டது. பதற்றம், நாடி, மூச்சு, குருதியழுத்தத்தின் மேலளவு ஆகியவை சிறிதளவு குறைந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நோயாளிகள் பற்றிய 73 ஆய்வுகளைத் தொகுத்து 'லான்செட்' இதழ் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிமருந்தின் தேவையும் குறைந்ததைக் காட்டியது. அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பெற்றோர் தேர்ந்த பாடலைத் தாலாட்டாக நேரில் பாடியது உள்ளிட்ட இசை முறைகள் குழந்தைகளின் நாடியைத் தணித்தன. செலவும் கேடும் ஏறக்குறைய இல்லாத ஓர் உதவி, சிறிதளவே பயன் தந்தாலும் கொள்ளத்தக்கதே.

கொள்ளத்தகாதது, இந்த அளவான உண்மையின்மேல் எழுப்பப்படும் பெருங்கூற்றுகள். இன்ன ராகம் உயர் குருதியழுத்தத்தைத் தீர்க்கும், இன்ன ராகம் இதயநோயைப் போக்கும் என்று பட்டியலிட்டுப் பரப்பப்படும் செய்திகளுக்கு மேற்கூறிய ஆய்வுகள் எதுவும் துணைநிற்கவில்லை. ராகத்தின் பெயரைவிட அது பாடப்படும் காலப்பிரமாணமும் ஒலியின் அளவும் கேட்பவரின் நினைவுமே நாடியில் தெரிகின்றன. அத்தகைய பட்டியலை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்துவது உயிருக்கே கேடாக முடியும். ஓய்விலும் நாடி 100-க்கு மேல் நீடிப்பவரும், துடிப்பு ஒழுங்கு தப்புவதை உணர்பவரும் நாட வேண்டியது மருத்துவரை.

மற்றவர்கள், இசை நாடியை மாற்றுவதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெருவிரலின் அடியே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, பாட்டு தொடங்குமுன் ஒரு நிமிடமும், பாட்டின் நடுவே ஒரு நிமிடமும் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை ஓடவிடாமல் இரண்டு நிமிடம் அசையாது அமர்ந்திருந்து மூன்றாம் முறை எண்ண வேண்டும். கைப்பேசி தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதியை அதற்கு முன்பே நிறுத்திவைப்பது அவசியம்.