மடிக்கும் மின்மிதிவண்டி: நிறையும் குறையும்

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமை கூறினார் (லூக் 14:28-30). சீடத்துவத்தின் விலையை உணர்த்தவே அவர் அதைச் சொன்னார் எனினும், இல்லறத்தாரின் கொள்முதலுக்கும் அது நல்ல பாடமே. இன்று கடைகளில் காணும் மடிக்கும் மின்மிதிவண்டியை நம் குடும்பத்தார் வாங்கலாமா? அமர்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.

காவிரிப் படுகைக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு பழையது. ஏற்ற இறக்கமில்லாத சமவெளி இது. வெண்ணாறு, வெட்டாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் கரைகளே பல ஊர்களுக்கு வழி. அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் துணைக்கு ஆள் தேடாமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்றனர். மிதிவண்டி ஏழையின் விடுதலை வாகனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மின்மிதிவண்டியும் மிதிவண்டியே. நாம் மிதிக்கும்போது சிறு மோட்டார் ஒன்று துணைபுரிகிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், 25 கி.மீ. வேகத்தை எட்டியதும் துணை நின்றுவிடுவதாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருப்பின், மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. ஆகவே உரிமமும் பதிவும் தேவையில்லை. வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருவதாக எவரேனும் கூறினால் இணங்கலாகாது. அந்தச் சலுகை அத்தோடு போயிற்று.

நன்மைகள்

முழங்கால் வலியால் ஞாயிறு திருப்பலிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் பிறர் வண்டியை எதிர்பார்த்து நிற்கும் முதியோர் பலர். அவர்களுக்கு இது பெருந்துணை. செலவும் சிறிது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியை ஒருமுறை நிரப்ப அரை யூனிட்டுக்கும் குறைந்த மின்சாரமே போதும். நாள்தோறும் நிரப்பினாலும் இரு மாதத்திற்கு 30 யூனிட்டைத் தாண்டாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நம் பகுதியின் பல ஊர்கள் நெடுநாள் இருளில் கிடந்ததை மறவோம். அத்தகைய வேளையில் மின்ஸ்கூட்டர் முடங்கி நிற்கும். இதையோ, கனமாக இருப்பினும், மிதித்துச் செல்லலாம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வேண்டிய எளிய வாழ்வுக்கும் புகையில்லா வண்டி பொருந்தும்.

மடிப்பதால் வரும் நன்மை இடமே. நகரத்தின் குறுகிய வீட்டில், கட்டிலின் ஓரத்திலும் வைக்கலாம். தெருவில் விட்டுக் களவு கொடுக்க வேண்டியதில்லை. பாபநாசத்திலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ தஞ்சைக்கு ரயிலில் வேலைக்கு வருவோர், நிலையத்தில் முன்னரே கேட்டறிந்து, உடன் எடுத்துச் செல்ல முயலலாம்.

குறைகள்

மடித்தால் சிறுக்கும், எடை குறையாது. ஏறத்தாழ 20 கிலோ கனத்தை ரயில் நிலையப் படிகளில் தூக்குவது முதியவரால் ஆகுமா? நடுச்சட்டத்தின் கீல் நாளடைவில் தளர்ந்து ஆடும். அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சிறிய சக்கரம் குழியில் விழுந்தால் அதிர்ச்சி மிகுதி. பால் கேனோ நெல் மூட்டையோ ஏற்ற இது ஏற்றதன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கிய நீரில் ஓட்டுவதும் மோட்டாருக்கு ஆகாது. பஞ்சர் ஒட்டும் ஊர்க் கடைக்காரர் மின்பாகங்களைப் பழுது பார்க்க அறியாதிருக்கலாம். சில ஆண்டுகளில் பேட்டரி வலுவிழக்கும். புதியது வாங்கும் செலவு, வண்டி விலையில் பெரும்பங்காகும்.

எச்சரிக்கையும் ஒன்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் செய்யப்பட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். மின்மிதிவண்டியின் பேட்டரி சிறியதெனினும் லித்தியம் வகையே. எனவே பகலில், விழித்திருக்கும் வேளையில், காற்றோட்டமான இடத்தில், வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துக. படுக்கையறையிலும், வீட்டுக்கு வெளியேறும் ஒரே வாசலின் அருகிலும் சார்ஜ் செய்யலாகாது.

சிங்கப்பூரில் பணிபுரியும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: இத்தகைய வண்டியின் பேட்டரி பெரும்பாலும் 160 வாட்-மணிக்கு மேற்பட்டது, பயணிகள் விமானத்தில் அதைக் கொண்டுவர அனுமதியில்லை. பெற்றோருக்கு வாங்கித்தர விரும்பினால், பழுது பார்க்க வசதியுள்ள கடையில் இங்கேயே வாங்குவது நலம்.

முடிவாக

மடிக்கும் வண்டி, இடமில்லாத வீட்டாருக்கும், ரயிலிலிருந்து இறங்கிச் சில கல் தொலைவு செல்வோருக்கும் உரியது. கிராமத்தில் வாழும் பெற்றோருக்கு மடியாத, பெரிய சக்கரமுள்ள மின்மிதிவண்டியே நன்று. திடமான கால்களுடைய இளைஞருக்குச் சாதாரண மிதிவண்டி போதும். எவராயினும், அண்டை வீட்டில் இருக்கிறது என்பதற்காகவோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ இதை வாங்குதல் வேண்டா.

வாங்குமுன் ஒரு வாரம் கவனியுங்கள்: வீட்டில் எவர், எங்கே, எத்தனை முறை போகிறார்? எங்கே போக விரும்பியும் போக முடியாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்? அந்த இரண்டாம் கேள்விக்கு விடையாக வயது முதிர்ந்த தாயோ தந்தையோ இருப்பின், அவர்களை அமர்த்தி ஓட்டச் செய்து பார்த்த பின்னரே பணத்தை எடுங்கள்.