வேலைத்தளத்தில் வாய் திறக்கும் உரிமை

2009இல் யுத்தம் முடிந்த பின்னர், வன்னியில் பல பெண்கள் குடும்பச் சுமையைத் தனியே ஏற்று வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. முகமாலையில் பெண்கள் கண்ணிவெடி அகற்றினார்கள். சம்பளம் வந்தது. ஆனால் ஏச்சும் சீண்டலும் வரும்போது, "கதைத்தால் வேலை போய்விடுமோ" என்ற பயம் பலரின் வாயை அடைக்கிறது. கணவனை இழந்தவள், புனர்வாழ்வு பெற்று வந்தவள், இன்ன சாதிக்காரி என்ற பார்வை அந்தப் பயத்தைக் கூட்டுகிறது.

பயமின்றிப் பேசக்கூடிய வேலைத்தளம் முதலாளியின் இரக்கத்தால் மட்டும் உருவாகாது. எழுதி வைத்த ஒழுங்கும் வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் ஓர் உதாரணம்.

திண்டுக்கல் காட்டிய வழி

அங்கு ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைதானார். அவரால் தொல்லை இருந்ததை அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்ததாகக் குடும்பத்தினர் கூறினர். அவர் சொன்னதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க ஓர் ஒழுங்கு இருக்கவில்லை.

பெண்கள் தலைமை தாங்கும், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் நிறுவனமும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தத்துக்கு வந்தன. பால், சாதி, வெளியூரவர் என்ற பாகுபாடு கூடாது என அதில் எழுதப்பட்டது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளப் பெண்களே கண்காணிப்பாளராகப் பயிற்றப்பட்டார்கள். முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டது. முதலாண்டில் 185 முறைப்பாடுகள் வந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்க்கப்பட்டன.

முறைப்பாடு கூடினால் அந்த இடம் கெட்டுவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில், பெண்கள் நம்பிப் பேசத் தொடங்கியதன் அடையாளம் அது.

நம் கையில் உள்ளவை

இலங்கையில் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. வேலைத்தளத்தில் அதிகாரத்திலுள்ளவர் சொல்லாலோ செயலாலோ கொடுக்கும் தொந்தரவும் இதில் அடங்கும். ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அரச அலுவலகத்துக்கு முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

சகோதரிகளே, நடந்த திகதி, நேரம், பேசிய சொல், அருகில் நின்றவர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். பக்கத்து மெசினில் இருப்பவள் ஏச்சு வாங்கும்போது குனிந்துகொள்ளாமல், இடைவேளையில் அவளிடம் போய் என்ன நடந்தது என்று கேளுங்கள். பயம் விலகத் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.