கடற்புல் மேயும் பேராமை

மாடு வயற்காட்டில் மேய்வதுபோல், பேராமை கடலில் புல் மேய்கிறது. இராமநாதபுரம், இராமேஸ்வரம் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும், ஆழம் குறைந்த இடங்களில் கடற்புல் வளர்கிறது. வளர்ந்த பேராமைக்கு இதுவே முக்கிய உணவு. அதன் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் செரிக்க உதவுகின்றன.

பேராமை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மேயும். அங்கு துளிர்க்கும் இளம்புல்லில் புரதம் அதிகம், நார் குறைவு. கொழுக்கட்டைப் புல்லை முற்றவிடாமல் அறுத்துக் கறவை மாட்டுக்கு இடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆமைக் குஞ்சுக்குப் புல் மட்டும் போதாது. சிறு கடலுயிர்களும் வேண்டும். அதைத் தொட்டியிலிட்டு அருகம்புல் போட்டால் பிழைப்பது அரிது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடற்புல்லில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. இழுவலையால் அதைப் பெயர்த்தால் ஆமையோடு மீன்வளமும் குன்றும்.