பவளத் தொட்டிக்கும் பேரேடு வேண்டும்

கல்லாவுக்குப் பக்கத்தில் தங்கமீன் தொட்டி வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. கடல்நீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் வீட்டுத் தொட்டி அதைவிட ஒரு படி மேல். அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் இதற்கென்றே தனிக் கடைகள் உள்ளன. அந்தத் தொட்டிக்காரர்களைப் பெரிதும் தவிக்க வைப்பது பாஸ்பேட் என்னும் உப்பு. அது மிகுந்தால் பாசி படர்ந்து பவளத்தை மூடும். பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவதும் தடைப்படும். உடனே அதை உறிஞ்சும் மருந்துக்கு ஓடுகிறார்கள். வணிகரான நாம் முதலில் கேட்பது வேறு: சரக்கு எந்த வழியாக உள்ளே வருகிறது?

கணக்குப் பார்ப்போம். 300 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் பாஸ்பேட் என்றால் நீரிலுள்ள மொத்த இருப்பு 90 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் வெளியேறுவது 9 மில்லிகிராம். உலர்தீனியில் பாஸ்பரஸ் 1 சதவீதம் என்று கொண்டால், ஒரு கிராம் தீனியால் வருவது சுமார் 30 மில்லிகிராம் பாஸ்பேட்! வரவு 30, செலவு 9. கணக்கு எப்படி நேராகும்?

போதாததற்குத் தொட்டிப் பாறை ஒரு கிடங்கு. நீரில் பாஸ்பேட் மிகும்போது பிடித்து வைத்துக்கொள்ளும். குறையும்போது திருப்பி விடும். அதனால்தான் மருந்து போட்டு இறங்கிய அளவு சில நாளில் மறுபடி ஏறுகிறது.

எனவே முதலில் வரவைக் குறைக்க வேண்டும். மீன் உடனே தின்று தீர்க்கும் அளவே தீனி. உறைந்த தீனியை அலசிப் போடுவது. கடல் உப்பைக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர். பிறகு செலவு: கழிவு அழுகுமுன் நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர், தனி அறையில் பாசி வளர்த்து அறுத்தெடுப்பது, கடைசியாக இரும்பு ஆக்சைடு குருணை. குருணையைச் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். திடீர் இறக்கம் பவளத்துக்கு ஆகாது.

இருப்பைச் சுத்தமாகத் துடைப்பதும் நஷ்டமே. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போனால், பவளம் வெப்பமும் வெளிச்சமும் தாங்காமல் எளிதில் வெளுக்கும் என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்கள் வழக்கம்.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளன. மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளம் என்று எவர் கொண்டுவந்தாலும் கடை வாசலிலேயே திருப்பி அனுப்புக. கோமாளி மீன் முதலான கடல் மீன்கள் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

மீன் தொட்டிச் சாமான் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு சொல்: பாசிக்கு மருந்து கேட்டு வருபவரிடம், “தினமும் எவ்வளவு தீனி போடுகிறீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். அன்றைய விற்பனை சற்றுக் குறையலாம். தொட்டி பிழைக்கும், வாடிக்கையும் நிலைக்கும்.