ஜெர்மனியில் பயணச்சீட்டு அபராதம்

ஜெர்மனியின் பேருந்து, டிராம், சுரங்க ரயில், நகர ரயில் ஆகியவற்றில் முறையான பயணச்சீட்டு இல்லாமல் செல்பவரிடம் 60 யூரோ வசூலிக்கப்படுகிறது. 2015 ஜூலைக்கு முன் இது 40 யூரோவாக இருந்தது. சாதாரணக் கட்டணத்தின் இருமடங்கு 60 யூரோவைத் தாண்டினால் அந்தத் தொகையைக் கேட்கலாம். பேச்சு வழக்கில் அபராதம் என்றாலும், விதிகளில் இதன் பெயர் ‘உயர்த்தப்பட்ட பயணக் கட்டணம்’. பயணி ஏமாற்ற நினைத்தாரா, தெரியாமல் தவறினாரா என்பது இங்கு முக்கியமல்ல. சோதனையின்போது செல்லுபடியாகும் சீட்டைக் காட்ட முடிந்ததா என்பதே கேள்வி.

வெளிநாட்டவர் சிக்கும் இடங்கள்

ஜெர்மனியின் ரயில் நிலையங்களில் சீட்டைச் சரிபார்க்கும் தானியங்கிக் கதவுகள் இல்லை. யாரும் தடையின்றி நடைமேடைக்குச் செல்லலாம். பரிசோதகர்கள் வண்டிக்குள் திடீரெனச் சோதிப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் இருப்பார்கள். இந்த முறைக்குப் பழகாதவர்கள், சீட்டு வாங்கியும் அபராதம் கட்ட நேரிடுகிறது. அதற்கான முக்கியக் காரணங்கள்:

• முத்திரையிடாமை: பெர்லின் நடைமேடை இயந்திரத்தில் வாங்கிய சீட்டை, அருகிலுள்ள சிறு பெட்டியில் செருகி நேரமுத்திரை பதிக்க வேண்டும். பதிக்காத சீட்டு செல்லாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இயந்திரச் சீட்டு வாங்கியவுடனே நடைமுறைக்கு வந்துவிடும். விதி ஊருக்கு ஊர் மாறும்.

• மண்டலம் தவறுதல்: பெர்லின் விமான நிலையம் ‘சி’ மண்டலத்தில் உள்ளது. நகருக்குள் செல்லும் ‘ஏபி’ சீட்டு அங்கு போதாது.

• கைபேசிச் சீட்டு: வண்டியில் ஏறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பரிசோதகரைக் கண்ட பின் வாங்கினால் ஏற்கப்படாது. மின்கலம் தீர்ந்து சீட்டைக் காட்ட முடியாவிட்டால், அது பயணியின் பொறுப்பே.

• அடையாள ஆவணம்: ஜெர்மனி டிக்கெட், மாணவர்களின் பருவச்சீட்டு போன்றவை பெயர் குறித்தவை. அவற்றை மற்றவருக்குத் தர முடியாது. புகைப்பட அடையாள அட்டையும் உடன் இருக்க வேண்டும்.

பிடிபட்டால் செய்ய வேண்டியவை

முதலில் பரிசோதகரின் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பிறகு சரியான பெயரையும் முகவரியையும் தருவது நல்லது. தர மறுத்தால் அவர் காவல்துறையை அழைக்கலாம். அந்த இடத்திலேயே பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டினால் ரசீது பெற வேண்டும். கட்டாதவருக்கு வழக்கு எண், வங்கிக் கணக்கு, கடைசி நாள் ஆகியவை கொண்ட தாள் தரப்படும். வண்டியில் வாதாடுவதால் முடிவு மாறுவது அரிது. ஆட்சேபத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புவதே வழி. இயந்திரம் பழுதாகியிருந்தால் அதன் எண், நேரம், புகைப்படம் ஆகியவை உதவும். முத்திரையிடாத சீட்டையும் தூக்கி எறியக் கூடாது.

பெயர் குறித்த மாதச்சீட்டை வீட்டில் மறந்தவர், ஒரு வாரத்துக்குள் அதை நிறுவனத்திடம் காட்டினால் 60 யூரோவுக்குப் பதில் 7 யூரோ போதும். சோதனை நாளில் அந்தச் சீட்டு செல்லுபடியாகியிருக்க வேண்டும். பலரும் அறியாத சலுகை இது.

செலுத்தாவிட்டால்

கெடு தாண்டினால் நினைவூட்டல் கட்டணம் சேரும். பிறகு கடன் வசூல் நிறுவனம் தலையிடும். சொந்த ஊருக்குத் திரும்பும் சுற்றுலாப் பயணியைவிட, அங்கேயே தங்கிப் படிக்கும் மாணவருக்கே இதன் சுமை அதிகம்.

வேண்டுமென்றே சீட்டின்றிப் பயணிப்பது தனிக் குற்றமும் ஆகும். 1935-இல் சேர்க்கப்பட்ட குற்றவியல் சட்டப் பிரிவு 265ஏ, இதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது நீதிமன்ற அபராதம் விதிக்கிறது. 60 யூரோவைக் கட்டிவிட்டாலும் புகார் தர நிறுவனத்துக்குத் தடையில்லை. எனினும் மீண்டும் மீண்டும் பிடிபடுவோர் மீதே பொதுவாகப் புகார் செல்கிறது. நீதிமன்ற அபராதத்தைக் கட்ட இயலாத ஏழைகள் சிறை செல்ல நேர்வதால், இப்பிரிவை நீக்கக் கோரும் விவாதம் ஜெர்மனியில் நடந்துவருகிறது.