எலும்பில் பதியும் ஒரு சிறு குழி

இடுப்பு எலும்பு முறிந்து எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு மூதாட்டியின் மகள், சென்ற ஆண்டு எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையின் அறிக்கையை எங்களிடம் நீட்டினார். “இதில் அளவு சரியாக இருக்கிறது என்றுதானே டாக்டர் எழுதியிருக்கிறது? அம்மா குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். எப்படி உடைந்தது?” என்று கேட்டார். அம்மூதாட்டிக்கு நீரிழிவு நோய் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. இக்கேள்வியை வெவ்வேறு குடும்பத்தார் வாயிலாக நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். ஆகவே சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

டெக்ஸா எனப்படும் அடர்த்திப் பரிசோதனை, எலும்பில் தாதுப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதை எக்ஸ் கதிர் கொண்டு அளக்கிறது. அந்த அளவு ‘டி ஸ்கோர்’ என்னும் எண்ணாகத் தரப்படுகிறது. அவ்வெண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை எனக் கொள்ளும் வரையறையை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. பயனுள்ள பரிசோதனைதான், அதனை நாங்கள் தொடர்ந்து பரிந்துரைக்கிறோம். எனினும் எலும்பு முறிந்து வருவோருள் பலருடைய எண் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது.

காரணம், அடர்த்தி வேறு, தரம் வேறு. தச்சர் ஒருவர் மரத்தை எடை பார்த்து மட்டும் வாங்குவதில்லை. நகத்தால் அழுத்தியும் பார்க்கிறார். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். எஞ்சியது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழையும் நீரும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதுபோல், தாதுவுக்கு இடையே இவ்விழைகள் ஓடுகின்றன. நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை இவ்விழைகளோடு பிணைந்து அவற்றின் நெகிழ்வைக் குறைக்கிறது. கம்பியின் நிலையை டெக்ஸா காட்டாது.

தச்சரின் நகம் செய்யும் வேலையைக் கருவியால் செய்வதே நுண் அழுத்தக்குழிச் சோதனை. ஆய்வுக்கூடத்தில் இதற்கு எலும்புத் துண்டு ஒன்றைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, சதுர அடியுடைய பிரமிடு வடிவில் தீட்டிய வைரமுனையை அறிந்த எடையுடன் அதன்மீது அழுத்துவார்கள். முனையை எடுத்தபின் எஞ்சும் குழியை நுண்ணோக்கியில் அளப்பார்கள். குழி பெரிதானால் எலும்பு மென்மையானது; சிறிதானால் கடினமானது. உலோகங்களைச் சோதிக்க நூறாண்டுக்கு முன் இங்கிலாந்தில் உருவான விக்கர்ஸ் முறையே இது. எலும்பு காய்ந்துவிட்டால் உள்ளதைவிடக் கடினமாகத் தோன்றும் என்பதால் துண்டின் ஈரத்தையும் கவனிக்க வேண்டும்.

உயிருள்ள மனிதரிடமும் இவ்வாறு அளக்கலாம் என்ற வழியைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் பால் ஹான்ஸ்மாவின் குழு உருவாக்கியது. பார்சிலோனா மருத்துவர்கள் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தி 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்புறம் கைக்குத் தட்டுப்படும் எலும்பே இதற்குரிய இடம். தோலை மரக்கச் செய்தபின் மெல்லிய ஊசிமுனையை எலும்பைத் தொடும்வரை செலுத்துகிறார்கள். பின்னர் கருவி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் தட்டுகிறது. அடுத்தடுத்துப் பல இடங்களில் இதைச் செய்து, அதே முனை ஒரு பிளாஸ்டிக் கட்டியில் இறங்கும் ஆழத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணிக்கிறார்கள். (மூட்டு மாற்று அறுவையில் நாங்கள் பயன்படுத்தும் எலும்பு சிமென்ட்டின் அடிப்படையும் அதே பிளாஸ்டிக்தான்.) எண் குறைந்தால் எலும்பின் தாங்கும் திறன் குறைவு.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மாதவிடாய் நின்ற 60 பெண்களைப் பற்றியது. அவர்களுள் பாதிப்பேருக்குப் பத்தாண்டுக்கும் மேலாக இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. எலும்பின் உள்ளமைப்பில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் நீரிழிவு உள்ளோரின் எண் பத்து விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்திருந்தது. கடந்த பத்தாண்டுகளின் எச்பிஏ1சி சராசரி உயர உயர, இவ்வெண் தாழ்ந்திருந்தது. மேலே கூறிய மகளின் கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

இச்சோதனையைக் கேட்டு இப்போதே அலைய வேண்டாம் என்பதையும் கூறிவிடுகிறோம். இது இன்னும் வழக்கமான பரிசோதனையாகவில்லை. காலெலும்பின் மேற்புறத்தை மட்டுமே அளக்கிறது. முறிவது பெரும்பாலும் இடுப்பும் முதுகெலும்பும். முறிவு ஏற்பட்டோரையும் ஏற்படாதோரையும் இந்த எண் எல்லா ஆய்வுகளிலும் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. கால் வீங்கியிருப்போருக்கும் அவ்விடத்துத் தோலில் தொற்று உள்ளோருக்கும் செய்ய இயலாது. நீரிழிவு உள்ளவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களும், டி ஸ்கோர் நன்றாயிருந்தாலும் மருத்துவரிடம் முறிவு அபாயத்தைப் பற்றித் தனியே கேட்க வேண்டும். ஸ்டீராய்டை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும், இரவில் நடைவழியில் விளக்கு எரியவிடுவதும், கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதிருப்பதும் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாதவை.

தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியோருக்கு அதன் உருண்டைத் தலையை அகற்றிச் செயற்கைத் தலை பொருத்துகிறோம். அகற்றிய எலும்பு வழக்கமாக மஞ்சள் நிறப் பையிலிட்டு அப்புறப்படுத்தப்படும். அதனை மேற்கூறிய ஆய்வுக்குத் தருவீர்களா என்று சிலரிடம் கேட்கிறோம். மூதாட்டியிடமும் கேட்டோம். “வெட்டி எடுத்தபிறகு அது என்னுடையதா, உங்களுடையதா தம்பி?” என்றார். நல்ல கேள்வி. நீங்கள் எழுத்தில் இசைவு தரும்வரை அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆய்வுக்கென்று கூடுதலாக எதையும் வெட்டுவதில்லை. துண்டின்மேல் உங்கள் பெயர் இராது. மறுத்தாலும் சிகிச்சையில் எம்மாற்றமும் வராது. நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தால் பிள்ளைகள் அவருக்காக முடிவு செய்யாமல், படிவத்தை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அறுவைக்கு முந்திய நாள் மாலை வார்டுச் செவிலியர் அப்படிவத்தைக் கொண்டுவருவார். ஐயங்களை அவரிடமே கேட்கலாம்.